விளக்கைச் சுற்றி வளையம்

செப்டம்பர் 8, செவ்வாய்

துவைத்த துணி கட்டிலில் மூட்டையாகக் கிடக்கிறது. மடிக்கத் தெம்பில்லை. அதன் மேலேயே சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

மகள் பாடம் படித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, வினையூக்கின்னா என்ன?"

"அப்பா ட்ரம்முல இருந்து ஊத்துறாரே, அமீன், அதுதான்" என்றேன். பாகு மாதிரி இருக்கும் கலவையில் அதைக் கொஞ்சம் விட்டால் போதும், பொங்கி எழுந்து ஆள் உயரத்துக்கு நுரைக்கட்டி ஆகிவிடும். அறுத்தால் மெத்தை. இதைத்தான் இத்தனை வருஷமாக நானும் இவரும் செய்துகொண்டிருக்கிறோம். இவர் கலவைக் கூடத்தில், நான் லேபில்.

"தான் மாறாம மத்ததை மாத்துற பொருள்னு புக்ல போட்டிருக்கு" என்றாள்.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்போ உங்கம்மாதான் அது" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

புது அமீன் வந்து இறங்கியிருக்கிறது, நீல ட்ரம்மில். பழையதைவிட விலை குறைவாம். பர்ச்சேஸ்காரர் மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார். குப்பியைத் திறந்ததும் லேபே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அழுகின மீன் வாடை. "அமீன்ல பாதி மீன்தானே" என்றார் இவர். புது ட்ரம் வரும்போதெல்லாம் இதையே சொல்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் முறைக்கிறேன்.

செப்டம்பர் 17, வியாழன்

வரும் வழியில் இவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"எதிர்ல வர்ற லைட்டுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கு."

தூசியாக இருக்கும் என்று அவரே சொன்னார், அவரே தலையாட்டிக்கொண்டார். பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக் கண்ணைக் கழுவினார். போகவில்லை. மெதுவாகத்தான் வந்தோம்.

காலையில் சரியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

செப்டம்பர் 21, திங்கள்

காலையில் எல்லாம் தெளிவாக இருக்கிறதாம். சாயங்காலம்தான் வருகிறது. இவருக்கு மட்டுமில்லை. கூடத்தில் எல்லோருக்கும்! அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். மூட்டம்.

"உனக்கு மூட்டம் போட்டிருச்சா?" "மத்தியானத்துல இருந்தே லேசா இருக்குடா." மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையனுக்கும் உண்டாம். பையன் என்கிறேன், அவனுக்கே முப்பது தாண்டியிருக்கும். வண்டியின் ஹாரன் கெட்டுப்போய் யாரும் சரி செய்யாததால் அவனே வாயால் "பீப் பீப்" என்று கத்திக்கொண்டு ஓட்டுவான். அதனால் அவன் பெயரே ஹாரன். சூடு ஆறாத கட்டிகளைக் கூடத்திலிருந்து கிடங்குக்குக் கொண்டுபோய் அடுக்குவது அவன் வேலை. அந்தக் கட்டிகள் ஆறும்போது அமீன் வாடையைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதன் முகத்துக்கு முகமாக நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறான்.

செப்டம்பர் 26, சனி

இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து நான்தான் ஓட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். "பள்ளம். நாய். இடது பக்கம் சைக்கிள். மெதுவா, மெதுவா." வீட்டுக்கு வந்து இறங்கும்போது தொண்டை கட்டிவிடுகிறது.

இன்று சண்டை.

"மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு? சாயங்காலம் லைட்டு அழகா தெரியுதுன்னா?"

"சிரிக்காதீங்க. மேல இழுக்குற ஃபேன் ஓடுதா?"

"ஓடுது. காத்துதான் இழுக்கல."

பெல்ட் தேய்ந்துவிட்டதாம். மாற்ற வேண்டுமானால் லைனை நிறுத்த வேண்டும். பெரிய ஆர்டர் ஓடும்போது யார் நிறுத்துவார்கள்? அமீனைப் பக்கெட்டில் திறந்து ஊற்றுகிறார்கள். பழையதையும் அப்படித்தான் ஊற்றினார்கள். ஆனால் இது பழையது இல்லையே. இது மூடியைத் திறந்ததுமே பறக்கிறது.

போன வருஷம் தோல் அரிக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். லாரியில் லோடு ஏற்ற அனுப்பிவிட்டார்கள். இவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 1, வியாழன்

பகலெல்லாம் கம்பெனியில் கரன்ட் இல்லை, லைன் ஓடவில்லை, மூட்டமும் இல்லை. இவர் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு வாரத்துப் பேப்பரையும் சேர்த்துப் படித்தார்.

அக்டோபர் 6, செவ்வாய்

எனக்கும் வந்துவிட்டது.

மாதிரி வெட்டி எடுத்து வரும் பெண் லீவு. நானே கூடத்துக்குப் போய் ஊற்றி முடிக்கிற வரை நின்றேன். அப்போது ஒன்றுமில்லை. கண்ணில் லேசாக எரிச்சல், அவ்வளவுதான். வெளியே வந்து முகம் கழுவி, பேசி, சிரித்து, எல்லாம் சரி. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்தேன், கேட் விளக்கைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். அதற்கு வெளியே இன்னொன்று. யாரோ என் கண்ணுக்குள் பாலை ஊற்றிய மாதிரி. மனிதர்கள் உருவமாக வருகிறார்கள், பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் முளைக்கிறது.

வண்டியில் இரண்டு பேருமே அரைக்குருடு. நான் "பள்ளம்" என்றது நிழல். நிழல் என்று விட்டது பள்ளம்.

பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மகள் கதவைத் திறந்தாள். அவள் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியவில்லை. என் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியவில்லை. "ஏம்மா அப்படிப் பார்க்கிறே?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இவர் தினமும் அவளை இப்படித்தானே பார்த்திருப்பார்? ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமா?

அக்டோபர் 7, புதன்

காலையில் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் பிரச்சினையே.

மேனேஜரிடம் நானே போனேன். கண் எரிந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

"போட்டுத்தான் சார் இருக்காங்க. ஓரமெல்லாம் ஓட்டை வெச்ச கண்ணாடி. தெறிக்கிறதைத் தடுக்கும், ஆவியை எப்படித் தடுக்கும்?"

"இப்போ உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

"இப்போ தெரியுது சார்."

"அப்புறம் என்னம்மா? ஆர்டர் முடியட்டும், ஃபேனைப் பார்த்துடலாம்."

கெட்ட மனிதர் இல்லை. அவர் மேஜையில் மாத்திரை டப்பா இருந்தது. அவரும் யாருக்கோ பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். எனக்கென்ன வந்தது அதனால்?

அக்டோபர் 14, புதன்

அக்கா காலில் கட்டியோடு வண்டி ஏறிவிட்டது.

எழுதவே வரல.

கூடம் பெருக்குகிற அக்கா. எனக்கு டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராதபோதெல்லாம் திறந்து கொடுக்கிறவர். மூலையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். ஹாரன் வளைவில் திரும்பியிருக்கிறான். அக்கா போட்டிருந்தது சாம்பல் நிற யூனிஃபார்ம், பின்னால் சாம்பல் நிறச் சுவர். அவன் கண்ணில் மூட்டம். அலறல் லேப் வரைக்கும் கேட்டது. இவர்தான் முதலில் ஓடினாராம். அக்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போனவர் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்தார்.

ஹாரன் தரையில் உட்கார்ந்து, "நான் பார்க்கலண்ணே, நான் பார்க்கவே இல்லண்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஐயோ, எல்லாருக்கும் தெரியுமே. எனக்கும் தெரியுமே.

அக்டோபர் 17, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அக்கா எங்களைப் பார்த்ததும், "காலைப் பார்க்க வந்தீங்களா, என்னைப் பார்க்க வந்தீங்களா? எல்லாரும் நேரா கால்மாட்டுக்கே போறாங்க" என்றார். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"அவன் பீப் பீப்னு கத்தினது கேட்டுச்சு. எப்பவும் என்னைப் பார்த்து வளைஞ்சு போயிடுவான்ல, அதான் நிமிரக்கூட இல்ல. அவனைத் திட்டாதீங்க" என்றார் இவரிடம்.

திரும்பும்போது பகல் நேரம், நல்ல வெளிச்சம். நான் பள்ளம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

விசாரணை. டிரைவரின் கவனக்குறைவு என்று டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சியாக இவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக்குக் காலையில்.

"போட மாட்டேன்" என்றார். "அவனுக்கு ஏன் கண்ணு தெரியலன்னும் சேர்த்துச் சொல்லப் போறேன்."

நான் என்ன சொன்னேன்? மூட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லுங்க சொல்லுங்க என்று உயிரை வாங்கியவள் நான். இன்று அவர் சொல்கிறேன் என்றதும், "வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"உங்களையும் லோடு ஏத்த அனுப்பிடுவாங்க. என்னையும் தூக்குவாங்க. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. அவளுக்கு இனிமேதான் படிப்பே இருக்கு. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம், காய்ச்சல்னு படுத்துக்கோங்க."

கத்தவில்லை அவர். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அவன் பார்த்து இடிக்கல. பார்க்க முடியாம இடிச்சான். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். காய்ச்சல்னு படுத்தா அது மறந்துடுமா?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவினதையே கழுவினேன்.

அக்டோபர் 21, புதன்

சொல்லிவிட்டார்.

அக்டோபர் 23, வெள்ளி

கம்பெனி டாக்டரிடம் எல்லோரையும் வரிசையாக அனுப்பினார்கள், காலையில், வேலை தொடங்குவதற்கு முன்னால். காலையில் பார்த்தால் யார் கண்ணில் என்ன இருக்கும்? எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "டாக்டரே சொல்லிட்டார்" என்று இனிமேல் யார் வாயையும் அடைக்கலாம்.

கூடத்தில் மற்றவர்களிடம் கேட்டபோது ஒருவர் சளி என்றாராம், ஒருவர் வயசு என்றாராம். இவர் பக்கத்தில் நின்று மூட்டம் மூட்டம் என்று சிரித்தவர்கள். அவர்கள் மேல் கோபப்பட நினைக்கிறேன். வரவில்லை. காய்ச்சல் என்று படுக்கச் சொன்னவள்தானே நான்.

ஹாரனை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. இவரைக் கழிவு நுரை அரைக்கிற மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள். தலை முதல் கால் வரை பொடி. பனியில் நனைந்த ஆடு மாதிரி வந்து நிற்கிறார் என்று மகள் சொன்னாள். இவரும் "மே" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 29, வியாழன்

இவருக்கு இப்போது சாயங்காலம் மூட்டம் இல்லை. அந்தக் கூடத்தைவிட்டு வந்த மறுநாளே போய்விட்டது. இதைச் சந்தோஷம் என்று எழுதலாமா? இவர் இடத்தில் வேறொருவர் ஊற்றுகிறார். நேற்று அவர் ஸ்டாண்டில் தன் வண்டி எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 4, புதன்

இதை முழுசாக எழுத வேண்டும். தூக்கம் கண்ணைச் சொருகுகிறது, இருந்தாலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், அரசாங்க ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு அம்மா, ஒல்லி, குரலும் அதைவிட ஒல்லி. ஸ்கூட்டரில் தனியாக வந்தார். கூடத்தைக் காலையிலேயே கழுவி விட்டு, ஜன்னலெல்லாம் திறந்து, லைனை நிறுத்தி வைத்திருந்தார்கள். "நிறுத்தி வெச்ச லைனைப் பார்த்து நான் என்ன பண்றது? ஓட்டுங்க" என்றாராம். மேனேஜர் டீ சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். "இங்கேயே கொண்டு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா விழுந்த மூலையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஊற்று. மத்தியானம் இன்னொன்று. கட்டி ஆறுகிற இடத்தில் போய் நின்றார். இவரையும் கூப்பிட்டுப் பேசினார். இவர் மூட்டத்தைப் பற்றிச் சொன்னாராம். அந்த அம்மா "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். டாக்டர் கொடுத்ததை மேனேஜர் எடுத்துக் காட்டியதற்கும் அதே "ம்".

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

சாயங்காலம் கேட்டில் நானும் இவரும் வண்டியை எடுக்க நின்றோம். அந்த அம்மா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாவியைப் போடும் இடம் தேடினார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த லைட்டுக்கு என்ன ஆச்சு?"

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே மேடம் எரியுது" என்றார்.

"சுத்தி வட்டமா..."

தெரு விளக்கைப் பார்த்தார், எதிர்க்கடை விளக்கைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார். இவர் மெதுவாகச் சொன்னார்:

"லைட்டுக்கு ஒண்ணும் ஆகல மேடம். ஸ்கூட்டரை இங்கேயே விட்டுட்டுப் போங்க. காலையில சரியாயிடும்."

அந்த அம்மா ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். பிறகு, "நீங்க தினமும் இப்படியேவா வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டார். ஒல்லிக் குரல் இன்னும் ஒல்லியாகிவிட்டது.

"இவ பின்னாடி உட்கார்ந்து வழி சொல்லுவா" என்றார் இவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், வாட்ச்மேன் முன்னால். வாடகைக் கார் பிடித்து அவரை ஏற்றிவிட்டோம். போவதற்கு முன்னால் கார்க் கண்ணாடியை இறக்கி, நாளைக்கு இந்தக் கண்ணோடயே டாக்டர்கிட்ட போக முடியாதே, இப்பவே போறேன் என்றார்.

நவம்பர் 6, வெள்ளி

கூடத்துக்கு சீல். புகை இழுக்கும் ஃபேன் சரியாகி, அமீனைத் திறந்து ஊற்றாமல் மூடிய குழாயில் பம்ப் செய்ய ஏற்பாடாகும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

நவம்பர் 13, வெள்ளி

வீட்டில் இருக்கிறோம். எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். அதுதான் கொடுமை.

கடையில் பாக்கிங் பகுதி ஆள் ஒருவரின் மனைவியைப் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம், "சில பேருக்குக் கண்ணு தெரியணும்னு நாங்க வயித்தைக் கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றாள். நான் வாங்க வந்தது என்ன என்று மறந்துபோய் வெறும் பையோடு திரும்பினேன். அவளும் பொய் சொல்லவில்லையே.

நவம்பர் 19, வியாழன்

ஹாரன் வந்திருந்தான். மறுபடி சேர்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் ஃபோர்க்லிஃப்டில் ஏறமாட்டேன், அறுக்கிற பகுதி கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். "ஏறினா அந்த அலறல்தான் கேக்குதுக்கா" என்றான். புது வண்டிக்கு நல்ல ஹாரன் பொருத்திவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. இவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா வாக்கர் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாராம். பழைய மாதிரி நடை வராது. இழப்பீடு என்கிறார்கள், வரும் என்கிறார்கள். வரட்டும்.

டிசம்பர் 1, செவ்வாய்

கூடம் திறந்தாயிற்று. ஃபேன் போட்டால் கையில் பிடித்த காகிதம் மேலே பறக்கிறது. நீல ட்ரம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பழைய அமீன்தான். அதுவும் இப்போது குழாயில்தான் போகிறது. ட்ரம் மாற்றுகிறபோது மட்டும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்.

அந்த ஒரு ஆளாக இருக்க யாரும் முன்வரவில்லை. மேனேஜர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உத்தரவாக இல்லை, கேட்டாராம். "நீங்க இருந்தா மத்தவங்க நம்பி உள்ளே வருவாங்க."

"போகாதீங்க" என்றேன்.

"ஃபேன் ஓடுதான்னு நான் பார்க்கலன்னா வேற யார் பார்ப்பாங்க?"

இந்தத் தடவை நான் பாத்திரம் கழுவப் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். ஃபேன் காற்றை இழுக்காவிட்டால் அந்த நிமிஷமே வெளியே வந்துவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும். அதற்குச் சம்மதித்தால் போகலாம் என்றேன். சரி என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். மெதுவாக அடித்தார்.

டிசம்பர் 6, ஞாயிறு

மாஸ்க் பொருந்துகிறதா என்று நேற்று சோதித்தார்களாம். இவருக்குப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாக ஆவி உள்ளே போய்விடும். பொண்ணு பார்க்க வந்தபோதே தாடியோடு வந்த மனுஷன். எங்கள் கல்யாண போட்டோவில் தாடி, மகளை முதல்முதலில் கையில் வாங்குகிற போட்டோவிலும் தாடி. அவர் அப்பா இறந்த அன்றுகூட அதை எடுக்கவில்லை.

காலையில் வாசல் பக்கம் கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கத்தரி, பிறகு சோப்பு, பிறகு ரேசர். நான் காபியோடு பக்கத்தில் நின்றேன், குடிக்க மறந்து. ஒவ்வொரு இழுப்புக்கும் யாரோ ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். முகத்தின் மேல்பாதி வெயிலில் கறுத்து, கீழ்ப்பாதி வெளுத்து, இரண்டு ஆளை ஒட்டின மாதிரி. இவ்வளவு மெலிந்துவிட்டாரா? எப்போதிலிருந்து? அந்த மயிருக்குள் இத்தனை களைப்பையும் ஒளித்து வைத்திருந்தாரா?

மகள் தூங்கி எழுந்து வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கிட்டே வந்தாள். விரலால் தொட்டாள்.

"அப்பா, உனக்குத் தாடையில குழி இருக்குப்பா. எனக்கு இருக்கிற மாதிரியே."

இவர் கண்ணாடியில் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இருக்கு."